சுவரில் பாசி, மாடியில் வழுக்கல்... ஆசிட் ஊற்றலாமா? பிரஷர் வாஷர் வாங்கலாமா? வீட்டின் வெளிப்புறத்தைப் பாதுகாப்பாகச் சுத்தம் செய்வது எப்படி? முழு விவரம்!

தமிழ்நாட்டில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அந்த மூன்று மாதமும் நம்ம வீட்டுச் சுவரும் மொட்டை மாடியும் ஊறிப் போய்க் கிடக்கும். மழை ஓய்ந்ததும் பார்த்தால் காம்பவுண்ட் சுவரில் பச்சைப் பாசி, சன்ஷேடுக்குக் கீழே கறுப்புக் கோடுகள், மாடிப்படியில் கால் வைத்தாலே வழுக்கல். பொங்கலுக்கு முன்னாடி இதையெல்லாம் தேய்த்துக் கழுவிவிட வேண்டும் என்று பல வீடுகளில் வேலை தொடங்கும்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. "ஒரு பாட்டில் ஆசிட் ஊத்துங்க, பளிச்சுனு ஆயிடும்" என்பார் ஒருவர். "மெஷின் வெச்சு அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே பல நேரங்களில் சுவரையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும். வீட்டு வெளிப்புறத்தில் படியும் அழுக்கில் பெரும்பகுதியைத் தண்ணீர், பிரஷ், கொஞ்சம் பொறுமை ஆகிய மூன்றையும் வைத்தே எடுத்துவிடலாம். எதற்கு எது சரி, எது ஆபத்து? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கேள்வி: சுவரில் இருப்பது என்ன கறை?

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து கிடையாது. கறையைச் சரியாக அடையாளம் கண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

• பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் நிறத் திட்டுகள்: இவை பெரும்பாலும் பாசி, பூஞ்சை, நுண்ணுயிர்கள். அதாவது உயிருள்ளவை. வெறுமனே தேய்த்து எடுத்தால் வேர் போல ஒட்டியிருக்கும் மிச்சத்திலிருந்து மறுபடி வளரும். முதலில் அதைச் சாகடித்துவிட்டு, பிறகு கழுவ வேண்டும்.

• வெள்ளை மாவு போலப் பூத்திருப்பது: இது உப்பு. சுவருக்குள் இறங்கிய தண்ணீர், செங்கல் மற்றும் சிமென்ட்டில் இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து விடுகிறது. இதன் மேல் தண்ணீர் அடித்தால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போகும். காய்ந்ததும் திரும்பவும் பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து, விழும் தூளைப் பெருக்கி அள்ளிவிட வேண்டும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் உண்மையான தீர்வு.

• பழுப்பு நிறக் கோடுகள்: ஜன்னல் கிரில், கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு ஆகியவற்றிலிருந்து வழியும் துரு. கிரில்லைத் தேய்த்து பெயின்ட் அடிக்காமல் சுவரை மட்டும் கழுவினால் அடுத்த மழையில் அதே கோடு திரும்ப வரும்.

• கண்ணாடியிலும் டைல்ஸிலும் வெள்ளைப் புள்ளிகள்: போர்வெல் உப்புத் தண்ணீர் காய்ந்த தடம். வினிகரைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துத் துடைத்தால் போகும். ஆனால் மார்பிள், கடப்பா கல் பக்கம் அது போகக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

• புறா எச்சம்: காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் தூள் பறந்து மூச்சில் ஏறும். அதில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கக்கூடும். மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவைத்த பிறகே எடுக்க வேண்டும்.

எந்த வரிசையில் முயற்சி செய்யணும்?

எளிதானதில் தொடங்கி, அது போதாது என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்க.

1. காய்ந்த பிரஷ், துடைப்பம். ஒட்டடை, தூசி, காய்ந்த பாசி ஆகியவற்றை முதலில் இதனாலேயே எடுத்துவிடலாம். இரும்பு வயர் பிரஷ் வேண்டாம். அது சுவரைக் கீறும்; உடைந்து விழும் கம்பித் துணுக்குகள் பிறகு துருப்பிடித்துப் புதுக் கறையை உண்டாக்கும். நைலான் பிரஷ் அல்லது தென்னந்துடைப்பம் போதும்.

2. வெறும் தண்ணீர். சுவரை நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் மேலோட்டமான அழுக்கு போய்விடும்.

3. சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சமாகக் கலந்தால் போதும். வாகனப் புகை படிந்த சாலையோரச் சுவருக்கு இது நல்ல பலன் தரும்.

4. பிளீச்சிங் பவுடர் கரைசல். பாசிக்கும் பூஞ்சைக்கும் இதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 15 கிராம் பிளீச்சிங் பவுடரை பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பாட்டிலில் விற்கும் திரவ பிளீச் என்றால் ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணீர். பாசி மேல் பூசி 10 முதல் 15 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு, தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். சுவரில் பூசும்போது கீழிருந்து மேலாகப் பூசுங்கள்; இல்லையென்றால் வழிந்த கோடுகள் தடமாக நின்றுவிடும். அலசும்போது மேலிருந்து கீழாக.

5. பிரஷர் வாஷர். மேலே சொன்ன நான்கும் போதாதபோது, அதுவும் தாங்கக்கூடிய பரப்பில் மட்டும்.

எதைச் செய்தாலும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில், ஒரு சாண் அளவுக்குச் சோதித்துப் பாருங்கள். மறுநாள் காய்ந்ததும் நிறம் மாறாமல், பூச்சு உதிராமல் இருந்தால் மட்டும் மற்ற இடத்தில் தொடங்கலாம்.

ஆசிட் ஊற்றினால் என்ன ஆகும்?

பாத்ரூம் கழுவ வாங்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அதைச் சிமென்ட் தரையில் ஊற்றியதும் 'புஸ்'ஸென்று நுரை பொங்கும். அழுக்கு கிளம்பி வருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே கரைவது சிமென்ட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து. நுரையாக வருவது அப்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொரு முறை ஆசிட் ஊற்றும்போதும் தரையின் மேல்பூச்சு ஒரு படலம் குறைகிறது. சொரசொரப்பு கூடுவதால் அடுத்த மழையில் பாசி இன்னும் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும்.

மார்பிளும் கடப்பா கல்லும் சுண்ணாம்பு வகைக் கற்கள். ஆசிட், வினிகர், எலுமிச்சைச் சாறு எது பட்டாலும் பளபளப்பு போய் வெளுத்த தடம் விழும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும், சுண்ணாம்புக் கலவையில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடிக்கும் இதே கதிதான்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. விரிசல் வழியாக இந்த ஆசிட் உள்ளே இறங்கினால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கும். கம்பி துருப்பிடித்தால் பருத்துக்கொண்டு, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். சன்ஷேடிலிருந்து துண்டு துண்டாக விழுவது இப்படித்தான்.

சில்லறையில் ஆசிட் விற்பதற்கு 2013-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும், வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. ஆசிட் வீச்சுக் கொடுமைகளைத் தடுக்க வந்த கட்டுப்பாடு அது. வீட்டில் ஒரு மூலையில் வைத்து எடுத்துப் புழங்கும் பொருள் அல்ல ஆசிட் என்பதற்கு இதுவே போதும்.

எதோடு எதைக் கலக்கவே கூடாது?

இதை மட்டும் மறக்கவே கூடாது. 'ரெண்டையும் சேர்த்துப் போட்டா இன்னும் நல்லா போகும்' என்ற எண்ணம் உயிருக்கே உலை வைக்கும்.

• பிளீச்சிங் பவுடர் + ஆசிட்: குளோரின் வாயு வெளியாகும். நுரையீரலைப் புண்ணாக்கும் விஷ வாயு இது. முதல் உலகப் போரில் 1915-ல் ஆயுதமாகவே பயன்படுத்தப்பட்டது. வினிகர், எலுமிச்சை, ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனர் எதைச் சேர்த்தாலும் இதே ஆபத்து.

• பிளீச் + அமோனியா: கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் குளோரமின் வாயு வரும். சில கண்ணாடி கிளீனர்களில் அமோனியா இருக்கும். லேபிளைப் பாருங்கள்.

ஒரே பக்கெட்டில் கலந்தால்தான் ஆபத்து என்றில்லை. நேற்று ஆசிட் ஊற்றிய தரையைச் சரியாக அலசாமல் இன்று பிளீச்சிங் பவுடர் போட்டாலும் வாயு கிளம்பும். படிக்கட்டுக்கு அடியில், மூடிய ஷெட்டுக்குள் வேலை செய்யும்போது இன்னும் கவனம் தேவை.

கையுறை, கண்ணாடி, செருப்புக்குப் பதில் ஷூ, முழுக்கை சட்டை ஆகியவை இல்லாமல் பிளீச் வேலையில் இறங்க வேண்டாம். குடிதண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ எந்தக் கெமிக்கலையும் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தைகள் குடித்துவிடும் ஆபத்து அதில்தான் இருக்கிறது.

பிரஷர் வாஷர்: எங்கே சரி, எங்கே தப்பு?

வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் பிரஷர் வாஷர்கள் பெரும்பாலும் 100 முதல் 150 பார் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சுகின்றன. மாடித் தொட்டியிலிருந்து நம்ம வீட்டுக் குழாயில் வரும் அழுத்தம் ஒரு பார் அளவில்தான் இருக்கும். வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். ஓஸ் பைப்பைத் திறந்து விடுவதைவிடத் தண்ணீர் குறைவாகச் செலவாகும் என்பது இதன் நல்ல பக்கம். ஆனால் அந்த வேகம் எல்லாவற்றையும் தாங்காது.

தாங்கும் இடங்கள்: உறுதியான கான்கிரீட் தரை, கார் நிறுத்தும் இடம், பேவர் பிளாக், கிரானைட் படி.

வேண்டாத இடங்கள்:

• விரிசல் விட்ட பூச்சு, உப்பு பூத்த சுவர். தண்ணீர் விரிசலுக்குள் இறங்கி வீட்டுக்குள் ஓதம் காட்டும்.

• மாடியில் பதித்த வெதரிங் டைல்ஸ். இணைப்புக் கலவை பெயர்ந்தால் அடுத்த மழையில் சீலிங் ஒழுகும்.

• ஓட்டு வீட்டுக் கூரை. ஓடுகள் மழை மேலிருந்து கீழே வழிவதற்காக அடுக்கப்பட்டவை. கீழிருந்து பீய்ச்சினால் தண்ணீர் நேராக உள்ளே.

• ஸ்விட்ச், காலிங் பெல், மீட்டர் பெட்டி, சிசிடிவி கேமரா, ஏசி அவுட்டோர் யூனிட்.

• சோலார் பேனல். அழுத்தத் தண்ணீரால் சீல் பிரிந்துவிடும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், மென்மையான துணி அல்லது மாப்பும் வெறும் தண்ணீரும் போதும். உச்சி வெயிலில் சூடான கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழ வாய்ப்பு உண்டு.

பயன்படுத்தும்போது அகலமாகத் தெளிக்கும் நாசிலில் தொடங்குங்கள். வழக்கமான நிற அடையாளத்தில் வெள்ளை என்றால் 40 டிகிரி அகலம். சிவப்பு என்றால் ஊசி போன்ற பீய்ச்சல், வீட்டுச் சுவருக்கு அது வேண்டவே வேண்டாம். மூன்றடி தள்ளி நின்று தொடங்கி, தேவைக்கு ஏற்ப மெல்ல நெருங்குங்கள். ஏணி மேல் நின்று இயக்கவே கூடாது. பின்னால் தள்ளும் விசையில் சமநிலை தவறிவிடும். யாரை நோக்கியும் திருப்பக் கூடாது. இந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிக் குத்து போலத் தெரிந்தாலும் உள்ளே சதை கிழிந்து, கிருமி ஏறியிருக்கலாம்.

அழுத்தமாக அடித்துச் சுத்தம் செய்வதால் வரும் சேதத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பழமையான கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்த 'சாண்ட் பிளாஸ்டிங்' முறையால் கல்வெட்டுகளும் சிற்பங்களும் தேய்ந்துபோவதாகத் தொல்லியல் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கல்லுக்கே அந்த நிலை என்றால், அரை அங்குலப் பூச்சுச் சுவர் எம்மாத்திரம்?

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பழைய பெயின்ட்: கூடுதல் எச்சரிக்கை

ஆஸ்பெஸ்டாஸ் சீட் கூரையைத் தேய்ப்பதும், பிரஷர் வாஷரால் அடிப்பதும் கூடாது. அதிலிருந்து பிரியும் நுண்ணிய இழைகள் மூச்சில் போய் நுரையீரலில் தங்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதன் மேல் பாசி இருந்தால் அப்படியே விட்டுவிடுவதே நல்லது. சீட் மேல் ஏறி நிற்கவும் கூடாது. வெயிலில் காய்ந்து நொறுங்கும் நிலைக்கு வந்த சீட், ஆள் எடை தாங்காமல் உடைந்துவிடும்.

பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கேட், கிரில், ஜன்னல் எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உப்புத்தாளால் காயவைத்துத் தேய்த்தால் தூள் பறக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈரப்படுத்தித் தேய்த்து, உதிர்ந்ததைத் துணியால் ஒற்றி எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

உயரமும் மின்சாரமும்

• ஏணியைச் சுவரில் சாய்க்கும்போது, நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடிப்பாகம் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 12 அடி உயரத்தில் சாய்த்தால் அடி மூன்றடி தள்ளி. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

• மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று வெளிப்பக்கம் துடைப்பது வேண்டவே வேண்டாம். நீளமான கம்பில் பிரஷ்ஷைக் கட்டித் தேய்க்கலாம்.

• வீட்டருகே மின்கம்பி போனால் அலுமினிய ஏணி, இரும்புக் கம்பு பக்கம் போகக் கூடாது. பச்சை மூங்கிலும் ஈரமாக இருந்தால் மின்சாரத்தைக் கடத்தும்.

• வெளிப்புற லைட், பிளக் பாயின்ட் சர்க்யூட்டை மெயினில் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பிரஷர் வாஷரை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்திய லைனில் மட்டும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரத்தரையில் கிடக்கக் கூடாது.

• சன்ஷேடுக்கு அடியில் குளவி, கதண்டு, மலைத்தேனீ கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தொடாமல் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

பலரும் யோசிக்காத விஷயம் இது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதனால் மாடியில் விழும் தண்ணீர் பல வீடுகளில் நேராகச் சேகரிப்புக் குழிக்கோ கிணற்றுக்கோ போகிறது. மாடியில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் அதுவும் அங்கேதான் போகும். எனவே வேலை தொடங்கும் முன் அந்தக் குழாயின் வாயை அடைத்து, தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள். நன்றாக அலசி முடித்த பிறகே திரும்ப இணைக்க வேண்டும். சுவரோரச் செடிகளை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிட்டால் கருகாது. நாய், பூனைக்கு வைத்த தண்ணீர்த் தொட்டியையும் நகர்த்தி வைத்துவிடுங்கள்.

ஆள் வைத்துச் செய்கிறீர்களா?

ஒரு மாடிக்கு மேல் வெளிச்சுவர் வேலை என்றால் அனுபவமுள்ள ஆட்களிடம் விடுவதே சரி. ஆனால் கூலி பேசுவதோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கெமிக்கல் பயன்படுத்துவீர்கள்? சாரம் கட்டுவீர்களா, கயிற்றில் தொங்குவீர்களா? இடுப்புப் பட்டை மட்டும்தானா, உடல் முழுக்கத் தாங்கும் பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா? 'அதெல்லாம் பழக்கம்தான் சார்' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். வெறுங்காலோடு ஆசிட்டில் நின்று தேய்ப்பவரும், ஒற்றைக் கயிற்றை நம்பித் தொங்குபவரும் நம் வீட்டுச் சுவருக்காகத்தான் அந்த ஆபத்தில் நிற்கிறார். கையுறையும் ஷூவும் நாமே வாங்கிக் கொடுத்தால்கூடச் செலவு பெரிதாக ஆகிவிடாது.

அசம்பாவிதம் நடந்தால் உடனே என்ன செய்யணும்?

• வாயு நெடி, இருமல், கண் எரிச்சல்: எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு வெளியேறுங்கள். பக்கெட்டைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று திரும்பப் போகாதீர்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட அதிகமாகலாம் என்பதால் மருத்துவமனைக்குப் போவது அவசியம்.

• தோலில், கண்ணில் ஆசிட் அல்லது பிளீச் பட்டால்: ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். நனைந்த உடையைக் கழற்றுங்கள். ஆசிட்டுக்கு எதிராகச் சோடா மாவு போடுவது, மஞ்சள் பூசுவது எதுவும் வேண்டாம்.

• யாராவது குடித்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, தொண்டை மறுபடி வெந்துவிடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

• பிரஷர் வாஷர் தண்ணீர் உடலைத் துளைத்தால்: வலி இல்லாவிட்டாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எதனால் ஏற்பட்ட காயம் என்பதைச் சொல்லுங்கள்.

• ஷாக் அடித்தால்: முதலில் மெயினை அணையுங்கள். அதற்கு முன் அவரைத் தொட வேண்டாம்.

ஆம்புலன்ஸ் உதவிக்கு 108 எண்ணை அழைக்கலாம்.

பாசி திரும்ப வராமல் இருக்க...

பாசிக்கு வேண்டியது ஈரமும் நிழலும். மாடியில் தண்ணீர் தேங்கும் பள்ளங்களைச் சரிசெய்யுங்கள். மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் இலைச் சருகைப் பருவமழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஏசி தண்ணீரும், நிரம்பி வழியும் தொட்டித் தண்ணீரும் சுவரில் இறங்காமல் குழாய் போட்டு விடுங்கள். சுவரை உரசி நிற்கும் செடிகொடிகளை ஓரடி தள்ளி வெட்டிவிட்டால் காற்றும் வெயிலும் படும். இவ்வளவு செய்தாலே அடுத்த வருஷம் கையில் எடுக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு பிரஷ்ஷும் ஒரு வாளித் தண்ணீரும்தான்.